பியூலா உருட்டாத பகடை

பாளையங்கோட்டையில் ஒரு மாடி அறையில், ஒரே மேசையின் மேல் ஒரு கணினியும் ஒரு பகடையும் குடியிருந்தன. கணினி மேசையில் பாதியைப் பிடித்துக்கொண்டிருந்தது. பகடை பேனா மூடி அளவு இடத்தில் உட்கார்ந்திருந்தது. ஆனால் அலட்டலில் இரண்டும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல.

"எனக்குள் ஒரு உலகமே இருக்கிறது" என்று கணினி ஆரம்பிக்கும். "மலை இருக்கிறது, கடல் இருக்கிறது. நெருப்புத் துப்பும் நாகத்துக்கு ஒவ்வொரு செதிலையும் தனித்தனியாக வரைந்திருக்கிறார்கள். பிரேசிலில் இருப்பவனும் பாளையங்கோட்டையில் இருப்பவளும் ஒரே பாலத்தில் நின்று சண்டை போடலாம். உனக்குள் என்ன இருக்கிறது?"

"ஒன்றுமில்லை" என்று பகடை சொல்லும். "எனக்கு இருபது முகம். அவ்வளவுதான். நாகம் ஆடுகிறவர்கள் தலைக்குள் இருக்கிறது. அது செத்ததா பிழைத்ததா என்று சொல்வது மட்டும் நான்."

"செதில் இல்லாத நாகம்!" என்று கணினி சிரிக்கும். அதற்குள் காற்றாடி சுற்றுகிற சத்தம் கேட்கும்.

இந்த இருவருக்கும் சொந்தக்காரி பியூலா. கண்ணாடிக் கடையில் லென்ஸ் பொருத்துகிற வேலை. கை அசாத்தியமாக நிதானம். பேச்சுதான் திக்கும். அதுவும் அவசரத்தில் சொல்ல வேண்டிய வார்த்தை என்றால், முதல் எழுத்திலேயே கதவைச் சாத்திக்கொள்ளும்.

கணினியின் உலகத்தில் அவள் பெரிய வில்லாளி. எதிரி மூச்சு விடுவதற்குள் அம்பு போய்விடும். எதையும் தட்டச்சிலேயே சொல்லிவிடுவாள் என்பதால் அவள் பேச்சு எப்படிப்பட்டது என்று யாருக்கும் தெரியாது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. பிறகு ஒரு அணியில் சேர்ந்தாள். அங்கே எல்லாரும் மைக்கில்தான் பேச வேண்டும் என்றார்கள்.

ஒரு மாலை, அணித்தலைவனின் முதுகுக்குப் பின்னால் எதிரி வருவதை அவள் ஒருத்திதான் பார்த்தாள். "ப... ப..." என்று திணறிக்கொண்டிருக்கும்போதே தலைவன் செத்தான், கூடவே அணியும் செத்தது. அதன் பிறகு அவள் காதில் விழுந்ததையெல்லாம் ஹெட்போன் மட்டும்தான் கேட்டது.

"என்ன சொன்னார்கள்?" என்று பகடை ஒருமுறை கேட்டது.

"என் வாயால் சொல்ல மாட்டேன்" என்றது ஹெட்போன். "அவளைப் போலவே ப, ப, ப என்று பேசிக் காட்டினார்கள். அதை மட்டும் தெரிந்துகொள்."

அன்று மைக்கை அணைத்தவள்தான். திட்டு வாங்குவதை விட ஊமையாக இருந்துவிடலாம் என்று முடிவு கட்டிவிட்டாள். பாவம், வேறு என்ன செய்வாள்?

பள்ளித் தோழர்கள் இரண்டு பேருக்கு இது தெரிந்தது. ஒருவன் சிக்கந்தர். வாயைத் திறந்தால் கதை கொட்டும். இன்னொருவன் இசக்கிராஜா. சிக்கந்தர் இந்தப் பகடையை அவளுக்கென்றே வாங்கி வந்தான். இனி ஞாயிற்றுக்கிழமைதோறும் இந்த மேசையில் ஆட்டம் என்றான். ஆட்டம் எளிது. சிக்கந்தர் கதைசொல்லி. காட்டையும் கோட்டையையும் அவன் வாயாலேயே கட்டுவான். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்து, என்ன செய்யப்போகிறோம் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை சொல்லும்.

பியூலா ஒத்துக்கொண்டாள். ஆனால் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டிருந்தாள். இங்கேயும் சரிப்படவில்லை என்றால், மனிதர்களோடு உட்கார்ந்து விளையாடுகிற ஆசையையே விட்டுவிட வேண்டியதுதான். இது சிக்கந்தருக்குத் தெரியாது. பகடைக்குத் தெரியும். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு தனியாக முணுமுணுத்திருக்கிறாள்.

வேஷம் பிரித்த அன்று சிக்கந்தர் முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னான். "ஏட்டி பியூலா, உனக்குன்னே ஒரு வேஷம் வச்சிருக்கேன். நீ ஊமை வில்லாளி. ஒரு மந்திரவாதி சாபம் குடுத்துட்டான். நீ ஒரு வார்த்தை பேசாண்டாம். அம்ப விட்டாப் போதும்."

"சூப்பர்ல!" என்றான் இசக்கிராஜா. அவன் எடுத்தது திருடன் வேஷம்.

இரண்டு பேருக்கும் தாங்கள் எவ்வளவு நல்லவர்கள் என்று ஒரே பூரிப்பு. பியூலாவும் சிரித்தாள். புடவை பிடிக்காவிட்டாலும் வாங்கி வந்தவர் முன்னால் சிரிப்போமே, அந்தச் சிரிப்பு.

வாரங்கள் போயின. அவள் பேசாமல் உருட்டினாள். பகடைக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை.

"பார்த்தாயா?" என்றது கணினியிடம். "உன் ஆட்கள் அவளைப் பேசச் சொல்லி வதைத்தார்கள். இங்கே அந்தத் தொல்லையே இல்லை. அவளுக்காக நான் பேசுகிறேன்."

இந்த முறை கணினி அலட்டவில்லை. அதற்கே அது புதுசு.

"என்னிடம் இருந்தபோது அவளே மைக்கை அணைத்தாள்" என்றது. "உன்னிடம் வந்ததும் நீங்களே அணைத்துவிட்டீர்கள். நான் பார்த்தவரை வித்தியாசம் அவ்வளவுதான்."

பகடைக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தது.

அடுத்த ஞாயிறு கதை கோட்டை வாசலுக்கு வந்து நின்றது. திருடன் உள்ளே மாட்டிக்கொண்டான். விடிந்தால் தூக்கு. வெளியே ஊமை வில்லாளி மட்டும் தனியாக நிற்கிறாள். சிக்கந்தர் காவல்காரனாகக் குரலை மாற்றிக்கொண்டு உறுமினான். "யாரது? எதுக்கு வந்தே?"

"ஏட்டி, அம்ப விடு" என்றான் இசக்கிராஜா. "நெஞ்சப் பாத்து ஒண்ணு. சோலி முடிஞ்சுது."

பியூலா அம்பு விடவில்லை. "நா... நான் பேசுதேன்" என்றாள்.

சிக்கந்தர் குழம்பினான். "நீ ஊமைல்லா?"

"யா... யாரு சொன்னா?"

"நாந்தான்... அது வந்து..." வாயைத் திறந்தால் கதை கொட்டுகிறவனுக்கு அதற்கு மேல் ஒரு சொல் வரவில்லை. காது வரை சிவந்துபோனான். கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தவன் போல அவசரமாகச் சொன்னான். "சரி, அப்பம் பகடைய உருட்டு. பதினஞ்சுக்கு மேல விழுந்தா சாபம் தீந்துட்டு. நீ பேசலாம்."

பகடை நெஞ்சை நிமிர்த்தியது. இதுதான் என் நேரம் என்று நினைத்தது. எப்படியாவது புரண்டு இருபதைக் காட்டிவிட வேண்டும், இவள் வாயை நான்தான் திறந்துவிட வேண்டும்.

பியூலா அதைக் கையில் எடுத்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு உருட்டாமல் தண்ணீர்ச் செம்புக்குப் பக்கத்தில் ஓரமாக வைத்துவிட்டாள்.

"நான் பே... பேசுததுக்கு இது எதுக்கு?" என்றாள். கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை. காவல்காரனை நேராகப் பார்த்தாள்.

"க..." என்றாள். நின்றது. "க... க..."

இசக்கிராஜாவுக்கு அந்தச் சொல் தெரிந்துவிட்டது. எடுத்துக் கொடுக்க வாயைத் திறந்தான். அவன் எப்போதும் அப்படித்தான், அவள் பாதியில் நின்றால் மீதியை முடித்துவைப்பது உதவி என்று நினைப்பான். மேசைக்கு அடியில் சிக்கந்தர் அவன் காலை ஓங்கி மிதித்தான். இசக்கிராஜா வாயை மூடிக்கொண்டான்.

காத்திருந்தார்கள். தெருவில் ஐஸ் வண்டி மணியடித்துக்கொண்டு வந்தது, போயும் போய்விட்டது.

"கதவத் தொற" என்றாள் பியூலா. "உள்ள கெடக்கவன் தி... திருடன்தான். நான் இல்லன்னு சொல்லல. ஆனா அவன் எ... எங்க திருடன். தூக்குல போடுததா இருந்தா நாங்க போ... போட்டுக்கிடுதோம்."

இசக்கிராஜா வெடித்துச் சிரித்தான். "அடிப்பாவி!"

இதற்கு எந்த விதியிலும் எண் கிடையாது. சிக்கந்தர் காவல்காரக் குரலைத் தேடினான், கிடைக்கவில்லை. தன் சொந்தக் குரலிலேயே சொன்னான். "தொறந்தாச்சு. உள்ள வா." கொஞ்சம் பொறுத்து, "சாபம் குடுத்த மந்திரவாதி நாந்தாம்ட்டி. மன்னிச்சிரு" என்றான்.

"ம... மன்னிக்கேன். டீ போட்டுக் கொண்டா" என்றாள் அவள்.

எல்லாரும் போன பிறகு, அதுவரை தூங்கிக்கொண்டிருந்த கணினி கேட்டது. "முக்கியமான கட்டமாமே. எத்தனை விழுந்தாய்?"

"விழவில்லை. என்னை உருட்டவே இல்லை."

"அப்படியென்றால் கதவு?"

"திறந்தது."

"எந்தப் பொத்தானை அழுத்தினாள்?"

"பொத்தானும் இல்லை, எண்ணும் இல்லை. அவள் சொன்னாள். சொல்லி முடிக்கும்வரை இவர்கள் சும்மா இருந்தார்கள்."

"சும்மாவா?" கணினிக்கு விளங்கவில்லை. "நான் ஒரு நிமிஷம் திரையில் வட்டம் சுற்றவிட்டால் தலையில் தட்டுகிறார்கள். காத்திருப்பது என் ஊரில் கோளாறு."

"நேற்று வரை என் ஊரிலும் அப்படித்தான் நினைத்தேன்" என்றது பகடை. அன்று அதற்கு அலட்டத் தோன்றவில்லை. ஆனால் வருத்தமும் இல்லை. செம்புக்குப் பக்கத்தில் சந்தோஷமாகவே இருந்தது.

மறுநாள் வேலை முடிந்து வந்த பியூலா, கணினியைப் போட்டு அதே அணியில் நுழைந்தாள். பகடைக்கு மேசையில் பாதிதான் தெரிந்தது. திரையில் என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க முடியாமல் தவித்தது. யாரோ கத்துவது கேட்டது. பிறகு அவள் குரல் கேட்டது. "இ... இருல. சொல்லி மு... முடிச்சிருதேன்."

ஆட்டம் முடிந்து அவள் சாப்பிட எழுந்து போனதும் பகடை பொறுக்க மாட்டாமல் கேட்டது. "என்ன ஆயிற்று? ஜெயித்தாளா?"

"தோற்றுப்போனாள்" என்றது கணினி. ஒரு தோல்வியை அது இத்தனை பெருமையாகச் சொல்லிப் பகடை கேட்டதே இல்லை. "அணியில் ஒருத்தன் பாக்கியில்லாமல் செத்தார்கள். எல்லாரும் செத்துக் கிடக்கும்போதும் அவள் பாட்டுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தாள். முழு வாக்கியத்தையும் சொல்லி முடித்தாள். அதுவரை அவர்கள் யாரும் ஆட்டத்தை விட்டுப் போகவில்லை."