துரை விற்ற பல்பொடி

மேலக்குருவிகுளத்தில் தங்கப்பழமும் அவர் மச்சினன் ஆறுமுகநயினாரும் 'மூணு கிளி' பல்பொடி தயாரித்தார்கள். பொடி நல்ல பொடிதான். உள்ளூர்ப் பொடி என்பது ஒன்றுதான் அதற்கு வியாதி. டி.வி.யில் வெள்ளைக்காரத் துரைமார் தமிழைக் கடித்துத் துப்பி விற்ற பேஸ்டுக்கு ஊரே மாறியிருந்தது. தீபாவளிக்குள் விற்பனை ஏறாவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான்.

சென்னையிலிருந்து விளம்பரக்காரர் ஒருவரை வரவழைத்தார்கள். தங்கப்பழத்தைப் பேசவிட்டுக் கேட்டதும் அவர் முகம் சுளித்தார்.

"அண்ணாச்சி, நீங்க பேசுற தமிழ் புரியுது. புரிஞ்சா எவன் வாங்குவான்? படத்துல நான் வெள்ளைக்காரனைக் காட்டிடுறேன். குரல் உங்களோடது. நாக்கு மரத்துப் போய்ப் பேசணும், அவ்வளவுதான்."

அவர் போனபின் இருவரும் பொடி சலிக்கும் அறையில் உட்கார்ந்து ஆலோசித்தார்கள்.

"நாக்கு எப்படி மாப்ளே மரத்துப் போகும்?"

"பல்லு பிடுங்கையில ஊசி போடுவாங்கல்லா அத்தான்."

"அப்ப வெள்ளைக்காரனெல்லாம் ஊசி போட்டுக்கிட்டா பேசுதான்?"

"அங்க குளிருதுல்லா. ஊசிச் செலவு மிச்சம்."

பல் டாக்டர் சும்மா ஊசி போட மறுத்தார். அதனால் தங்கப்பழம் ஒரு நல்ல கடைவாய்ப் பல்லைக் காட்டி, வலி தாங்கவில்லை என்றார். பல் போனது, ஒலிப்பதிவுக்குப் போய்ச் சேர்வதற்குள் மரப்பும் போனது. மறுநாள் அடுத்த பல். விளம்பரக்காரர் கேட்டுவிட்டு, இன்னும் கொஞ்சம் வெளிநாடு வேண்டும் என்றார். உறுதியான பற்களுக்கு மூணு கிளி என்று திருப்தியாகச் சொல்லி முடித்தபோது, ஒரு பக்க வரிசையே காலி.

ஒருநாள் சாயங்காலம் டி.வி.யில் பனிமலை தெரிந்தது. முன்னால் கோட்டுப் போட்ட துரை. "வானக்கம். உருதியான பர்கலுக்கு மூனு கில்லி."

அது தன் குரல் என்று தங்கப்பழத்துக்குத் தோன்றவே இல்லை. அவ்வளவு நன்றாகப் பேசியிருந்தார்.

"போச்சு மாப்ளே. துரையே பல்பொடியில இறங்கிட்டான்."

"பேரையும் களவாண்டுட்டான் அத்தான். நம்ம விளம்பரம் வர்றதுக்குள்ள முந்திக்கிட்டானே. இனி நம்ம பொடியை எவன் சீந்துவான்?"

விடிந்ததும் கம்பெனிக்குப் பூட்டுப் போட்டார்கள். வாசலில் வியாபாரிகள் வேன் வேனாக வந்து மூணு கிளி கேட்டு மொய்த்தார்கள். அவர்களை ஆறுமுகநயினார், போய்த் துரையிடம் கேளுங்கள் என்று கடுப்போடு விரட்டினார்.

தங்கப்பழம் நேரே மளிகைக் கடைக்குப் போனார். அங்கே துரையின் மூணு கிளி கேட்டு, மிச்சமிருந்த கடைசிப் பாக்கெட்டைச் சொன்ன விலைக்கு வாங்கிவந்து, மிச்சமிருந்த பற்களில் தேய்த்தார். கொப்பளித்துத் துப்பினார்.

"ஃபாரின் ஃபாரின்தான் மாப்ளே. நமக்கு இந்தப் பக்குவம் கடைசி வரைக்கும் வரவே இல்ல."