நீலக்காலியின் வெள்ளை வட்டம்

ஒரு ஊர்ல ஒரு ராஜான்னு ஆரம்பிக்க மாட்டேன் பொம்மு. இந்தக் கதையில ஊரே கிடையாது. நடுக்கடல்ல ஒரு தீவு, தீவு நடுவுல ஒரு நெருப்பு மலை. எப்பவோ அது குபுகுபுன்னு நெருப்புக் குழம்பைக் கக்கி, அது கடல்ல விழுந்து ‘ஸ்ஸ்ஸ்’ஸுன்னு ஆறி, தூள் தூளாப் போய், கரை பூராவும் கறுப்பு மணல். வெயில் ஏறுச்சுன்னா வேர்க்கடலை வறுக்குற சட்டி மாதிரி சுடும். கேக்குறியா? அத்தைக்கு ‘ம்’ சொல்லணும். ஆங், அப்படி.

அந்தக் கரையில கூட்டம்னா கூட்டம், அப்படி ஒரு கூட்டம். ஒரு பக்கம் கடல்சிங்கமெல்லாம் தொப்பையைப் பரப்பிக்கிட்டு கொர்ர்... கொர்ர்... இன்னொரு பக்கம் கறுப்பு உடும்புங்க, மூக்கு வழியா உப்புத்தண்ணியை ‘ப்பூச்! ப்பூச்!’சுன்னு தும்மும். பாறை பூரா சிவப்பு நண்டு. இதுக்கெல்லாம் நடுவுல ஒரு பறவை. காலு ரெண்டும் பளிச்சுன்னு நீலம், அதனால பேரு நீலக்காலி. கோபம் எப்பவும் மூக்கு மேலதான். யாரு மாதிரியா? நான் யாரையும் சொல்லல, நீ ஏன் முறைக்கிற?

அவ கூடு மரத்துல இல்ல, மணல்லயே. சுள்ளி கிடையாது, புல்லு கிடையாது. நின்ன எடத்துலயே சுத்திச் சுத்தி ‘பிச்சுக், பிச்சுக்’குன்னு கக்கா போயே வெள்ளையா ஒரு வட்டம் போட்டுக்குவா. சிரிக்காத! அதான் அவ வீடு. உள்ள ஒரே ஒரு முட்டை. வெயில் வந்தா முட்டை மேல நிழல் விழுற மாதிரி றெக்கையை விரிச்சு நிப்பா. கொஞ்ச நேரம் நகந்தாப் போச்சு, முட்டை உள்ளயே வெந்துடும். அவ வீட்டுக்காரர் மீன் பிடிக்கப் போயிருந்தார். அவர் வந்தாத்தான் இவளுக்கு மாத்து.

அப்போ ஒரு நாள் பெரிய கப்பல் வந்துச்சு. அதுல ராணி கனகவேணி. உலகம் பூரா சுத்தினவ, இந்தக் கரையை மட்டும் பார்க்கலைன்னு வந்துட்டா. மணல் சுடுமேன்னு, படகுலேருந்து மலையடிவாரம் வரைக்கும் நேரா சிவப்புக் கம்பளம் விரிக்கச் சொல்லிட்டா. தட தட தடன்னு உருட்டிக்கிட்டே வர்றாங்க. கடல்சிங்கம் முனகிக்கிட்டே நகந்துச்சு. உடும்பு ஒரு தும்மல் போட்டுட்டு ஒதுங்குச்சு. நண்டெல்லாம் குடுகுடுன்னு ஓடிப்போச்சு. கம்பளம் வந்து, வந்து, வெள்ளை வட்டத்துக்கிட்ட டக்குனு நின்னுபோச்சு.

அப்புறம் சேனாபதி வந்தான். இம்மாம் பெரிய மீசை.

“ஏய், ராணியம்மா வர்றாங்க. தள்ளு!”

“மாட்டேன்.”

“முட்டையைத் தூக்கி அந்தப் பக்கம் வெச்சுக்கோயேன்!”

“வட்டத்தைத் தாண்டிப் போச்சுன்னா அது எங்க முட்டைன்னே எங்களுக்குத் தெரியாதுய்யா. எங்க சாதிப் பறவைக்கே அப்படித்தான். போ, போ.”

அவன் வேல்கம்பை ‘ணங்’குன்னு ஊன்றிக்கிட்டு கையை உள்ள விட்டான். நறுக்! ஒரே கொத்து. விரலை வாயில வெச்சுக்கிட்டு ஓடினான் சேனாபதி. ம் சொல்லு.

அப்புறம் சமையல்காரர் வந்தார். அவர் அதட்டவெல்லாம் இல்ல. கூடை நிறைய மத்தி மீனைக் கொண்டாந்து வட்டத்துக்கு வெளிய, ரெண்டே அடி தள்ளி வெச்சார். “தங்கம், கண்ணு, பசிக்குதாம்மா? வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போ.”

பாவம் நீலக்காலி, முந்தாநாள் சாப்பிட்டது. வயிறு கொடகொடங்குது. கழுத்தை நீட்டினா, எட்டல. ஒரு காலைத் தூக்கினா... தூக்கினா... கீழ முட்டை மேல சுள்ளுன்னு வெயில் விழுந்துச்சு. டபக்குனு காலை வெச்சுட்டா. அழுகை அழுகையா வந்துச்சு அவளுக்கு.

“உம்ம பருப்பு இங்க வேகாது. கூடையை எடுத்துக்கிட்டுக் கெளம்பும்!”

அப்புறம் யாரு? ராணியே வந்தா. தங்கச் செருப்பு, சரக் சரக்.

“நான் யாருன்னு தெரியுமா?”

“தெரியாது. நீ என் வீட்டு வாசல்ல நிக்கிறன்னு தெரியும்.”

“எல்லாரும் எனக்கு வழி விட்டாங்க.”

“அவங்ககிட்ட முட்டை இல்ல. நான் விட மாட்டேன்.”

ராணிக்கு மூஞ்சி சிவந்துபோச்சு. ஒரு காலைத் தூக்கி வட்டத்துக்குள்ள வெச்சா. நீலக்காலி செருப்பு வாரைக் கவ்வி ஒரே இழு! செருப்பு கழண்டு வந்துச்சு. வெறுங்கால் கறுப்பு மணல்ல பட்டுச்சு.

“ஆத்தீ! சுடுதே, சுடுதே!” ஒத்தக்கால்ல தைய தக்கான்னு குதிச்சா ராணி. கம்பளத்துல போய் தொப்புன்னு விழுந்தா.

சேனாபதி வாளை ‘உய்ங்’குன்னு உருவினான். நீலக்காலி நடுங்குறா, ஆனா றெக்கையை மடக்கல. “வெட்டு. விழுந்தாலும் இது மேலதான் விழுவேன். நிழல் இருக்கும்ல? ராணி, இத்தனூண்டு நேரத்துக்கு உனக்கு இப்படிச் சுடுதே, என் புள்ளைக்கு எப்படிச் சுடும்?”

ராணி உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தா. செக்கச்செவேல்னு இருந்துச்சு.

“வாளை உள்ள வைய்யா,” அப்படின்னா. “எத்தனை நாளா இப்படி நிக்கிற?”

“நானும் அவருமா மாத்தி மாத்தி, இன்னியோட முப்பத்தொன்பது.”

ராணி அந்த முட்டையை எட்டிப் பார்த்தா. அப்புறம் சேவகங்களைப் பார்த்து, “கம்பளத்தை வளைச்சுப் போடுங்க,” அப்படின்னா. எழுந்து மெதுவாக் கேட்டா, “என் செருப்பையாவது குடேன்?”

“மாட்டேன். வட்டத்துக்குள்ள இருக்கறது என்னுது.”

ராணி குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுட்டா. ஒத்தச் செருப்போட, அந்த வளைஞ்ச கம்பளத்துல சரக்... தொப்... சரக்... தொப்புன்னு மலையைப் பார்க்கப் போனா. சாயங்காலம் வீட்டுக்காரர் மீனோட வந்தார். மூணாம் நாள் முட்டை ‘டொக்’குன்னுச்சு. குஞ்சு வந்துச்சு, சொட்டைத் தலையோட. அதைத் தங்கச் செருப்புக்குள்ள படுக்க வெச்சா நீலக்காலி. கண்ணு தொறந்ததும் அம்மாவைப் பார்த்து அது சொன்ன மொத வார்த்தை என்ன தெரியுமா?

“மாட்டேன்!”

என்னது, நீயும் தூங்க மாட்டியா? சரி, தூங்க வேணாம். இந்தா, உன்னைச் சுத்திப் போர்வையால ஒரு வட்டம். இதுக்குள்ள எவனும் வர முடியாது, நான் பார்த்துக்கறேன். கண்ணை மட்டும் மூடிக்கோ. கதை கடலேறிப் போயிடுச்சு, நீ கரையில தூங்கு.