கடலுக்குள் ஓடும் ஆறு

ஐப்பசி பாதி கழிந்தும் ஒரு தூறல் விழவில்லை. அந்தக் கடற்கரை ஊரில் குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. விதைத்த நெல் மண்ணுக்குள்ளேயே பொரிந்துபோனது. உப்பு மட்டும் விளைந்தது. எந்த வருஷமும் இல்லாதபடி, பாத்தி பாத்தியாக, கண் கூசும் வெள்ளையில்.

சாயங்காலமானால் கிழக்கே, கடலின் விளிம்பில், மேகம் எழும். மலைபோல் நிற்கும். உள்ளுக்குள் மின்னும். இடிச் சத்தம் வராது. இருந்த இடத்தைவிட்டு நகராது. விடிந்து பார்த்தால் இருக்காது. ஊரில் பலர் கிழக்குப் பார்த்த கதவுகளை அந்தி சாயும் முன்பே சாத்திவிடுவார்கள்.

சடையாண்டி அந்த ஊர்க் கோடங்கி. உடுக்கை அடித்து, கண்ணை மூடி, சாமி சொன்னதாக வாக்குச் சொல்பவர். தலை நரைத்த பிறகுதான் ஆழியம்மையிடம் சீடராகப் போனார். அம்மைக்கு அவருடைய மகள் வயது. கிழக்கே கடல் தாண்டிக் கடாரத்துக்குப் போன மரக்கலம் ஒன்றில் பிறந்து, மாலுமிகளின் நடுவே வளர்ந்து, என்றோ இந்த ஊர்க் கடல்முனையில் இறங்கி, இடிந்த கலங்கரை விளக்கின் அடியில் தங்கிவிட்டவள். யாரையும் கூப்பிட்டு எதையும் சொன்னதில்லை. கேட்டால் சொல்வாள். சில சமயம் அதுவும் இல்லை.

அன்று காலை அம்மை முழங்கால் அளவு தண்ணீரில் நின்றிருந்தாள். அலை இல்லை. கடல் எண்ணெய் ஊற்றி வைத்ததுபோல் கிடந்தது.

"அம்மை, மழை ஏன் வரலை?"

"கையைத் தண்ணிக்குள்ள விடும்."

விட்டார். சட்டென்று எடுத்துக்கொண்டார்.

"எப்படி இருக்கு?"

"மார்கழிக் குளம் மாதிரி."

"போன ஐப்பசியில?"

"கறந்த பால் மாதிரி இருக்கும். குளிக்க இறங்கினா ஏற மனசு வராது."

"அந்த வெக்கை எங்க போச்சு?"

சடையாண்டி ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"கடலுக்குள்ள ஆறு ஓடுது," என்றாள் அம்மை. "கரை கிடையாது அதுக்கு. சில வருஷம் வெக்கையை நம்ம பக்கம் கொண்டாந்து சேர்க்கும். சில வருஷம் கிழக்கே கொண்டு போயிடும். வெக்கை எங்கயோ, மேகம் அங்கதான் மேயும்."

அவர் கிழக்கே பார்த்தார். பகல் வெளிச்சத்தில் அங்கே ஒன்றும் இல்லை.

"அந்த ஆத்தை யாரு திருப்புறாங்க?"

அம்மை சேலை நுனியைப் பிழிந்துகொண்டு கரையேறினாள்.

சடையாண்டி ஊருக்குத் திரும்பியபோது கோயில் முன்னால் கூட்டம் கூடியிருந்தது. நடுவில் ஊர்த்தலைவர் வைரவன் உட்கார்ந்திருந்தார். அவருடைய பேத்தி போன வாரம்தான் குளத்தடிச் சகதித் தண்ணீரைக் குடித்து, பேதி கண்டு இறந்திருந்தாள். அன்றிலிருந்து அவர் யார் முகத்தையும் நேராகப் பார்ப்பதில்லை.

கூட்டத்துக்கு எதிரே வேம்பி நின்றாள். உப்பளத்தில் பாத்தி கட்டுகிறவள். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஆவணி மாசம் தலையில் உப்புக் கூடையோடு வரப்பில் நடந்தபடி, 'இந்த வருஷம் மழை கொஞ்சம் பிந்தி வந்தா நல்லது' என்று சிரித்துக்கொண்டே சொல்லியிருந்தாள். உப்பளத்தில் எல்லாரும் எல்லா வருஷமும் சொல்வதுதான். இந்த வருஷம் அது பலித்துவிட்டது.

"கோடங்கியாரே," என்றார் வைரவன். "மழையைக் கட்டினவளைத் தெப்பத்துல ஏத்திக் கடல்ல விடணும்னு ஊர் சொல்லுது. உம்ம வாக்கு வேணும்."

சடையாண்டி உடுக்கையை எடுக்கவில்லை. "இவ கட்டலை," என்றார். "கடலுக்குள்ள ஆறு ஓடுது. இந்த வருஷம் அது வெக்கையைக் கிழக்கே கொண்டு போயிடுச்சு. மேகமும் அது பின்னால போயிடுச்சு. தண்ணியைத் தொட்டுப் பாருங்க. தெரியும்."

சிலர் கடல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு பின்வரிசையிலிருந்து ஒருவன் மெதுவாகக் கேட்டான்.

"ஆறுன்னா அதுபாட்டுக்குத் திரும்புமா? யாராவது வெட்டித் திருப்பினாத்தானே திரும்பும்?"

இன்னொருவன் சொன்னான். "இவ பாத்தி கட்டுறவ. கடல்தண்ணியை எந்த வாய்க்கால்ல விடணும், எங்க அடைக்கணும்னு தெரிஞ்சவ."

கூட்டத்துக்குள் ஒரு சலசலப்பு ஓடியது. சடையாண்டி, தான் கொண்டுவந்த உண்மையை அவர்கள் கயிறாகத் திரிப்பதைப் பார்த்துக்கொண்டே நின்றார். ஏதாவது சொல்ல வேண்டும். ஆனால் அந்த ஆற்றை யார் திருப்புவது என்று அவருக்கே தெரியாது.

"கோடங்கி மறுக்கலை," என்றார் வைரவன் தரையைப் பார்த்தபடி. "நாளைக்கு வெளுக்கையில விட்டுடலாம்."

வேம்பி சடையாண்டியைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பார். அவள் கேள்வியாகப் பார்த்தாள்.

அவர் கலங்கரை விளக்குக்கு ஓடினார். மூச்சு வாங்க நடந்ததைச் சொன்னார்.

"நான் சொன்னதே அவளுக்கு எமனாப் போச்சு, அம்மை. நீங்க வந்து சொல்லுங்க. நீங்க சொன்னாக் கேப்பாங்க."

"நீர் சொன்னதைத்தானே நானும் சொல்லணும்?"

"அப்ப என்னதான் செய்யறது?"

"கரைக்கு வாரேன்," என்றாள் அம்மை.

மறுநாள் வெளுத்தபோது கடலே தெரியவில்லை. பனிமூட்டம் தண்ணீரிலிருந்து புகைபோல் எழுந்து கரைமேல் படர்ந்திருந்தது. அந்தக் கரையில் ஐப்பசியில் அப்படி ஒரு மூட்டத்தை யாரும் கண்டதில்லை. பக்கத்தில் நிற்பவரின் முகமே பாதிதான் தெரிந்தது. காகம்கூடக் கரையவில்லை.

ஈர மணலில் தெப்பம் கிடந்தது. மூங்கில்களை அடுக்கி, மேலே ஓலைக் கூரை வேய்ந்திருந்தார்கள். துடுப்பு இல்லை. வேம்பிக்கு மஞ்சள்நீர் ஊற்றி, கைகளை முன்னால் கட்டிக் கொண்டுவந்தார்கள். அவள் அழவில்லை. பல் கிட்டித்துக்கொண்டிருந்தது. சடையாண்டி கூட்டத்தின் ஓரத்தில் நின்றார். அம்மை தண்ணீர் விளிம்பில் நின்றாள்.

அப்போது அந்தச் சத்தம் கேட்டது.

டொக். டொக். மூங்கிலோடு மூங்கில் இடிக்கும் சத்தம். கடலுக்குள்ளிருந்து வந்தது.

யாரும் அசையவில்லை. சத்தம் நின்றது. மறுபடி, இன்னும் கிட்டே, டொக். மூட்டத்துக்குள் கறுப்பாக ஏதோ திரண்டது. கூரை தெரிந்தது. பிறகு மூங்கில் அடுக்கு. ஒரு தெப்பம், ஆளில்லாமல், துடுப்பில்லாமல், கிழக்கே ஓடும் அந்த ஆற்றுக்கும் எதிராக, யாரோ கைப்பிடித்துக் கூட்டிவருவதுபோல் கரையைப் பார்த்து வந்துகொண்டிருந்தது.

"நம்ம தெப்பம்," என்று ஒருவன் முனகினான். "விடுறதுக்கு முன்னாலயே திரும்பி வருது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர்கள் கட்டிய தெப்பம் மணலில் கிடந்த இடத்திலேயே கிடந்தது.

வந்தது தரை தட்டி நின்றது. மூங்கில்கள் தொடைப் பருமன். இந்தப் பக்கத்தில் விளைகிறவை இல்லை. முடிச்சுகளும் இந்த ஊர் முடிச்சுகள் இல்லை. கயிறு, கூரை, பாய் எல்லாவற்றிலும் பச்சைப் பாசி பிடித்திருந்தது. ஊறி ஊறி அழுகிய வாடை அடித்தது. ஒரு சொட்டு மழை காணாத அந்தக் கரையில் நின்றவர்களுக்கு அந்த வாடை புதிதாக இருந்தது. சிலர் பின்வாங்கினார்கள்.

கூரைக்கு அடியில் ஏதோ அசைந்தது.

முதலில் போனவள் வேம்பிதான். யாரும் அவளைத் தடுக்கவில்லை. கட்டிய கைகளோடு குனிந்து பாயை விலக்கினாள்.

உள்ளே ஒரு பெண் கிடந்தாள். எலும்பும் தோலுமாக இருந்தாள். முடியெல்லாம் உப்புப் பூத்து வெளுத்திருந்தது. நெற்றியில் ஏதோ சாந்து அப்பி, காய்ந்து, வெடித்திருந்தது. கைகளை முன்னால் கட்டியிருந்தார்கள். பக்கத்தில் ஒரு பெரிய சாடி, அடியில் கொஞ்சம் மழைத் தண்ணீர்.

வேம்பி தன் கட்டைக் கவனிக்காமல் அவள் கட்டை அவிழ்த்தாள். பல்லாலும் விரலாலும் அவிழ்க்க நேரமாயிற்று. பிறகு யாரோ நீட்டிய சொம்பைச் சாய்த்து அவள் முகத்தில் தண்ணீர் விட்டாள்.

அந்தப் பெண் அலறவில்லை. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு சுருண்டாள். உடம்பு கிடுகிடுவென்று நடுங்கியது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு கையை விலக்கி வானத்தைப் பார்த்தாள். மூட்டம் கலைந்து ஓரிடத்தில் நீலம் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவள் உதடு அசைந்தது. ஏதோ சொன்னாள். மறுபடி அதையே சொன்னாள்.

ஒருவருக்கும் அந்தப் பாஷை புரியவில்லை. ஆழியம்மை பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மரக்கலத்தில் கற்ற அதே பாஷையில் மெல்லப் பேசினாள். அந்தப் பெண் அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

"என்ன சொல்றா?" என்று கேட்டார் வைரவன்.

"இவ ஊரு கடலுக்கு அந்தப் பக்கம். அங்க ஆடியில பிடிச்ச மழை விடவே இல்லையாம். நாத்து அழுகிப்போச்சு. மலை சரிஞ்சு வீடெல்லாம் மூடிடுச்சு. பிள்ளைங்க நிறையச் செத்துப்போச்சு. இவதான் மழையைக் கூப்பிட்டவன்னு ஊரு சொல்லியிருக்கு. தெப்பத்துல ஏத்தி விட்டுட்டாங்க."

வைரவன் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினார். கிழக்கே பார்த்தார்.

"பிள்ளைங்களா?" என்றார்.

"ஆமா."

அவர் மணலில் உட்கார்ந்துவிட்டார். பிறகு எழுந்து, இடுப்பிலிருந்த சூரிக்கத்தியை எடுத்து, வேம்பியின் கைக்கட்டை அறுத்தார். ஊரைப் பார்த்து நடந்தார். கூட்டமும் ஒவ்வொருவராகக் கலைந்தது. தெப்பங்கள் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன.

வேம்பி அந்தப் பெண்ணின் தலையைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டாள். அந்தப் பெண் முதலில் சொன்ன அதே வார்த்தையை மறுபடி சொல்லத் தொடங்கினாள். இப்போது சடையாண்டியைப் பார்த்துச் சொன்னாள். அவர் கழுத்திலிருந்த பாசிமணியையும் தோளில் தொங்கிய உடுக்கையையும் பார்த்து, அவர் யார் என்று அவளுக்குப் புரிந்திருக்க வேண்டும். அவள் ஊரிலும் அப்படி ஒருவர் இருந்திருப்பார்.

"என்கிட்ட என்ன கேக்குறா, அம்மை?"

"மழை நின்னுடுச்சான்னு கேக்குறா."

சடையாண்டி வாயைத் திறந்தார். நின்றுவிட்டது என்று சொல்லலாம், அப்படியானால் மழையைக் கூப்பிட்டவள் இவள்தான் என்றாகிவிடும். நிற்கவில்லை என்று சொல்லலாம், அப்படியானால் அங்கே பிள்ளைகள் இன்னும் செத்துக்கொண்டிருக்கிறார்கள். இரண்டும் நாக்கு நுனி வரை வந்தன. இரண்டையும் விழுங்கினார்.

"நான் என்ன சொல்லட்டும்?" என்றார்.

அம்மை எழுந்து சேலையில் ஒட்டிய மணலைத் தட்டினாள்.

"வாக்குச் சொல்லிப் பழகினவர் நீர்தானே? இத்தனை வருஷம் கண்ணை மூடிக்கிட்டுச் சொன்னீர். இன்னைக்கு அவ முகத்தைப் பாத்துச் சொல்லும்."