கண்ணில் தண்ணீர் படாத கல்யாணம்

நத்தைக்குளத்துக்காரர்களுக்கு மூளை இல்லை என்று சுற்றுவட்டாரத்தில் பேசிக்கொள்வார்கள். அது சுத்த அபாண்டம். மூளை எல்லோருக்கும் இருந்தது. நல்லது கெட்டதுக்கு ஆகட்டும் என்று எடுக்காமல் வைத்திருந்தார்கள், அவ்வளவுதான்.

அந்த ஊர் பூவலிங்கத்துக்கு இரண்டு கண்ணிலும் புரை. மகள் செண்பகத்துக்குப் பேசி முடித்த மாப்பிள்ளை தவசியை அவர் வெறும் வெள்ளைப் புகையாகத்தான் பார்த்திருந்தார். நிச்சயதார்த்தத்தன்று பந்தல் காலுக்குச் சந்தனம் பூசி, தட்டிக்கொடுத்து, "மாப்பிள்ளை நல்லா கெட்டியான ஆளு" என்று மெச்சியவர் அவர். தாயில்லாமல் வளர்த்த ஒரே மகள். அவள் கழுத்தில் தாலி ஏறுவதையாவது தெளிவாகப் பார்த்துவிட வேண்டும் என்று அவருக்கு உயிர் அடித்துக்கொண்டது. அதனால் டவுனிலிருந்து கண் முகாம் பஸ் வந்ததும் முதல் ஆளாக ஏறினார். துணைக்கு மச்சினன் சன்னாசியும், தம்பி முறைக்காரர்கள் வீரணனும் கோட்டைச்சாமியும் ஏறினார்கள்.

ஒரு கண்ணில் புரையை எடுத்து லென்ஸ் வைத்தார்கள். மறுநாள் கட்டைப் பிரித்ததும் பூவலிங்கம் முதலில் பார்த்தது சன்னாசியை.

"ஐயோ மச்சான், உனக்கு எப்ப இவ்வளவு வயசாச்சு?" என்று பதறினார்.

டாக்டரம்மா நான்கு பேரையும் உட்கார வைத்துச் சொன்னார். "ஒரு மாசத்துக்குக் கண்ணுல தண்ணி படவே கூடாது. கசக்கக் கூடாது. குனியக் கூடாது. கனமா எதையும் தூக்கக் கூடாது. கறுப்புக் கண்ணாடி போட்டுக்கங்க, சொட்டு மருந்தை வேளை தவறாம விடுங்க. கவனமா இருந்தா பார்வை நல்லா இருக்கும். இல்லேன்னா போட்ட பாடெல்லாம் வீண்."

கடைசி வார்த்தையைப் பூவலிங்கம் ஊர் வந்து சேரும்வரை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். கல்யாணத்துக்குப் பத்து நாள்தான் இருந்தது.

ஊருக்கு வந்ததும் காரியங்கள் மளமளவென்று நடந்தன. பூவலிங்கம் வீட்டுப் படியில் காலை வைக்கப் போனபோது வீரணன் குறுக்கே பாய்ந்தான்.

"அண்ணே, நில்லுங்க! காலைத் தூக்கித்தானே படியேறணும்? காலு என்ன எடை இருக்கும்?"

"நல்ல கனம் இருக்கும்" என்றார் பூவலிங்கம் யோசித்து.

அன்றிலிருந்து அவரை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு திரிந்தார்கள். கூரைக்குள்ளும் குடை பிடித்தார்கள். கிணற்றைக் கடக்கும்போது தண்ணீர் அவரைப் பார்த்துவிடாதபடி நாற்காலியைத் திருப்பிக்கொண்டார்கள்.

எல்லாம் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தபோது கோட்டைச்சாமி ஒரு குண்டைத் தூக்கிப் போட்டான்.

"பொண்ண அனுப்புறப்ப அண்ணன் அழுவாரே? கண்ணீரும் தண்ணிதானே?"

மூவரும் அவரை நாற்காலியோடு கீழே வைத்துவிட்டு யோசித்தார்கள்.

"வெளிய இருந்து வர்ற தண்ணியத்தான் டாக்டரம்மா சொல்லியிருப்பாங்க" என்றான் வீரணன்.

"எந்தப் பக்கமிருந்து வர்ற தண்ணின்னு சொன்னாங்களா?"

"சொல்லல."

"அப்ப எந்தப் பக்கமிருந்தும் வரக் கூடாது."

"அது உப்புத் தண்ணியாச்சே?"

"நம்ம ஊருக் கிணத்துத் தண்ணி மட்டும் என்ன, கரும்புச் சாறா?" என்று கேட்டார் சன்னாசி.

பூவலிங்கத்துக்குத் தன்னைப் பற்றித் தெரியும். செண்பகத்துக்குக் காது குத்தியபோது குழந்தையைவிட அதிகமாக அழுதவர். "டேய், நான் அழுதே தீருவேன்டா. என் புள்ளையப் பார்க்கக் கிடைச்ச கண்ணு அவளாலேயே போகப்போகுது" என்று புலம்பினார்.

கல்யாணச் சமையலில் வெங்காயம் தடை செய்யப்பட்டது. நாதஸ்வரக்காரரிடம் சோகமாகவும் வாசிக்கக் கூடாது, சந்தோஷமாகவும் வாசிக்கக் கூடாது, ஆனந்தக் கண்ணீரும் தண்ணீர்தான் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். மனிதர் வேறு வழியில்லாமல் ஒரே சுரத்தை விடாமல் ஊதினார். லாரி வருகிறது என்று பந்தலில் பாதிப் பேர் ஒதுங்கி நின்றார்கள்.

தாலி கட்டும் நேரம் வந்தது. கறுப்புக் கண்ணாடி வழியே மகளின் முகம் தெள்ளத் தெளிவாகத் தெரிந்தது. மூக்கோரம் இருந்த மச்சம்கூடத் தெரிந்தது. பூவலிங்கம் மூக்கை உறிஞ்ச ஆரம்பித்தார்.

"மச்சான், பக்கத்துக் காட்டுக்காரன் உங்க வரப்பை வெட்டினத நினைங்க!" என்று காதில் கத்தினார் சன்னாசி.

பூவலிங்கம் நினைத்தார். பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, "விடமாட்டேன்டா!" என்று உறுமியபடி தாலி ஏறுவதைப் பார்த்தார். மாப்பிள்ளை மூன்றாவது முடிச்சை அவசரமாகப் போட்டுவிட்டுத் தள்ளி உட்கார்ந்தான்.

அடுத்து ஆசீர்வாதம். மணமக்கள் காலில் விழுந்தார்கள். திருநீறு பூச மாமனார் குனிய வேண்டும்.

"அவரு குனியக் கூடாது" என்றான் வீரணன்.

"அப்ப இவங்கதான் மேல வரணும்" என்றான் கோட்டைச்சாமி.

விழுந்து கிடந்த தவசியை விழுந்த வாக்கிலேயே பலகை மாதிரி தூக்கி, பூவலிங்கத்தின் மார்பு உயரத்தில் நீட்டினார்கள். "எம்புள்ளைய எங்கடா தூக்கிட்டுப் போறீங்க?" என்று மாப்பிள்ளையின் அம்மா ஓடி வருவதற்குள் திருநீறு பூசியாகிவிட்டது. செண்பகம் சட்டென்று தானே எழுந்து நின்று நெற்றியைக் காட்டிவிட்டாள்.

கடைசியில், எல்லோரும் பயந்த நேரம். அலங்காரம் செய்த கார் வாசலில் நின்றது. தவசியும் செண்பகமும் ஏறி உட்கார்ந்தார்கள். முன் சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் சீர் அண்டா உட்கார்ந்திருந்தது. பூவலிங்கத்தின் உதடு துடிக்க ஆரம்பித்தது. வரப்புச் சண்டையெல்லாம் அவருக்கு மறந்தே போயிற்று.

"எம்மக கல்யாணத்துல, கார் கிளம்புற வரைக்கும் நான் அழல. கார் மறைஞ்சதும்தான் அழுகை பொத்துக்கிட்டு வந்துச்சு" என்றார் சன்னாசி அவசரமாக.

"அப்ப கார் மறையக் கூடாது."

"மறையாம எப்படிப் போகும்?"

மூவரும் தலையைப் பிடித்துக்கொண்டார்கள். வீரணன் மெல்ல நிமிர்ந்தான்.

"காருக்குள்ள இருக்கிறவனுக்குக் கார் மறையுமா?"

"மறையாது!"

அவ்வளவுதான். செண்பகத்தை இறக்கிவிட்டு, நாற்காலியிலிருந்த பூவலிங்கத்தை அலக்காகத் தூக்கி மாப்பிள்ளைக்குப் பக்கத்தில் வைத்துக் கதவைச் சாத்தினார்கள். டிரைவரும் நத்தைக்குளத்துக்காரன்தான். கதவு சாத்திய சத்தம் கேட்டதும் வண்டியை எடுத்துவிட்டான்.

கார் கிளம்பியது. பூவலிங்கம் இருக்கையைத் தடவிப் பார்த்தார், கூரையைத் தொட்டுப் பார்த்தார். கார் மறையவேயில்லை. கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட வரவில்லை. நிம்மதியாகத் திரும்பி மருமகனை நன்றாகப் பார்த்து, "அன்னிக்கு இன்னும் கொஞ்சம் உயரமா இருந்தீங்களே மாப்பிள்ளை" என்றார்.

இங்கே தெருவில், மாலையும் கழுத்துமாக நின்ற செண்பகம் தன் புருஷனும் அப்பாவும் சேர்ந்து மறைவதைப் பார்த்து ஓவென்று அழுதாள்.

சன்னாசி ஓடிவந்து அவள் தலையைத் தடவிக் கொடுத்தார்.

"நீ தாராளமா அழு தாயி. உனக்கு டாக்டரம்மா ஒண்ணும் சொல்லல."