கருப்பட்டி அடித்த டும்

மூங்கில்பள்ளம் காட்டுத் தொடக்கப்பள்ளிக்கு ஒருநாள் பேண்ட் வாத்தியங்கள் வந்து இறங்கின. அன்றைக்கு மூன்றாம் வகுப்பில் ஒருத்தராவது பாடம் கவனித்திருப்பார்களா? மூச்!

பேண்ட் மாஸ்டர் இருவாச்சி. தலையில் பிறவியிலேயே தொப்பி முளைத்த பறவை. அதனால்தான் அவருக்கு அந்த வேலை கிடைத்தது என்று காட்டில் ஒரு பேச்சு உண்டு. அவர் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஆளைப் பார்த்து வாத்தியம் கொடுத்தார்.

கரடிக்குட்டி கருப்பட்டிக்குப் பியூகிள் மேல்தான் கண். தேன் வழிவது மாதிரி மஞ்சளாக மின்னியது அது. ஆனால் பியூகிள் நரிக்குட்டி சடையனுக்குப் போய்விட்டது. கருப்பட்டியின் வயிற்றில் பெரிய டிரம்மைக் கட்டிவிட்டார்கள்.

"மாஸ்டர், இதுல நான் என்ன வாசிக்கணும்?"

"டும்."

"அப்புறம்?"

"அப்புறமும் டும்தான்."

கருப்பட்டிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வீட்டுக்குப் போனதும் அம்மா, "என்ன வாத்தியம்டா குடுத்தாங்க?" என்று ஆசையாகக் கேட்டாள். டும் என்று சொல்ல நாக்கு எழவில்லை. "பியூகிள்மா. முன்னால நின்னு ஊதுறது" என்று அளந்துவிட்டான்.

அம்மாவுக்கு வாயெல்லாம் பல். பொழுது சாய்வதற்குள் மலை முழுக்கச் சொல்லி முடித்துவிட்டாள். "விளையாட்டு விழாவுக்கு எல்லாரும் வந்துடுங்க. எம்புள்ள பீப்பி ஊதுறான்." பெரியம்மா, சித்தப்பா, ஒன்றுவிட்ட மாமா, ஆறு வருஷமாகப் பேச்சுவார்த்தையே இல்லாத அத்தை வரைக்கும் அழைப்பு போயிற்று.

ஒரு மாதம் பயிற்சி நடந்தது. அணிவகுப்பில் முதல் ஆள் இரண்டாம் வகுப்பு மரவட்டை சுருளி. விரல் நீளம்தான் இருப்பாள், காலோ இருநூறு. ஒருநாள் அவள் கருப்பட்டியிடம் வந்து, "அண்ணே, உன் டும் கேட்டா இடது கால் நூறையும் தூக்குவேன். அடுத்த டும்முக்கு அதை இறக்கி, வலது கால் நூறையும் தூக்குவேன். வேற எதையும் நான் காதுலயே வாங்குறதில்ல" என்றாள்.

"ஆமா, பெரிய சங்கதி" என்று கருப்பட்டி முகத்தைத் திருப்பிக்கொண்டான். இதைப் போய்ச் சித்தப்பாவிடம் பெருமையாகச் சொல்ல முடியுமா?

விழா நாளும் வந்தது. கருப்பட்டி விடிந்ததும் விடியாததுமாகச் சடையனைத் தேடிப் போனான்.

"சடையா, இன்னிக்கு ஒருநாள் வாத்தியத்த மாத்திக்கலாமா? ஒரு தேனடை முழுசாத் தர்றேன்."

சடையன் தேனடையைத் தின்று முடித்துவிட்டுத்தான் யோசித்தான். பிறகு, "சரி, போனாப் போகுது" என்று பிசுபிசுத்த கையோடு பியூகிளை எடுத்துக் கொடுத்தான். மாஸ்டர் கண்ணில் படாமல், விழா தொடங்கும்போது எடுத்துக்கொள்ளலாம் என்று கருப்பட்டி அதைப் பத்திரமாகப் புதரில் ஒளித்துவைத்தான். தேன் ஒட்டின பொருளைப் புதரில் வைத்தால் என்ன ஆகும் என்று ஒரு கரடிக்குத் தெரிய வேண்டாமா? பெருமை கண்ணை மறைத்துவிட்டது.

சிறப்பு விருந்தினர் யானையார் வந்து அமர்ந்தார். முதல் வரிசை முழுக்கக் கருப்பட்டியின் சொந்தக்காரர்கள். நடுவில் அம்மா. "அந்தா நிக்கிறான் பாருங்க, பீப்பியோட" என்று இடமும் வலமும் சொல்லிக்கொண்டிருந்தாள். மாஸ்டரோ பேண்டுக்கு முதுகைக் காட்டி, விருந்தினரைப் பார்த்து விறைப்பாக நின்றார். வாத்தியம் மாறியிருந்தது அவர் கண்ணில் படவே இல்லை. கோலை உயர்த்தினார்.

சடையன் ஒரு டும் அடித்தான். நல்ல டும்தான். ஆனால் டிரம் அவனைவிடப் பெரியது. அடித்த வேகத்தில் அது அவனையும் சேர்த்து இழுத்துக்கொண்டு, சரிவில் உருண்டு குளத்தில் போய் விழுந்தது.

கருப்பட்டி பியூகிளை வாயில் வைத்தான். புற்றில் வாயை வைத்துக் கறையானை உறிஞ்சுவது கரடிக் குடும்பத்துப் பழக்கம். ஊதுடா என்று மனசு சொன்னது. வாய் உறிஞ்சியது! தேனுக்காகப் பியூகிளுக்குள் குடியேறியிருந்த முசுறு எறும்புகள் மொத்தமும் தொண்டைக்குள் போய்க் கடித்தன. பாட்டு வரவில்லை, இருமல்தான் வந்தது.

இதற்கிடையில் மைதானத்தில் சுருளி, கேட்ட ஒரே டும்முக்கு நூறு இடது காலையும் தூக்கியிருந்தாள். அடுத்த டும் வரவில்லை. தூக்கின காலோடு, ஒரு பக்கமாகச் சாய்ந்து, நடுங்கிக்கொண்டு நின்றாள். அவளுக்குப் பின்னால் ஐந்தாம் வகுப்பு யானைக்குட்டிகள் வந்துகொண்டிருந்தார்கள். நேராகப் பார்த்துத்தான் நடக்க வேண்டும், கீழே குனியக் கூடாது என்பது மாஸ்டர் உத்தரவு. இன்னும் எட்டு அடி வைத்தால் சுருளி சட்னிதான்.

"அண்ணே! டும்! டும் அடி அண்ணே!"

கருப்பட்டி திரும்பிப் பார்த்தான். டிரம் குளத்தில் மிதக்கிறது, அதைப் பிடித்துக்கொண்டு சடையன். பியூகிளைத் தூக்கி எறிந்தான். பின்னங்காலில் எழுந்து நின்றான். இரண்டு கையாலும் தன் வயிற்றிலேயே ஓங்கி அடித்தான்.

டும்!

சுருளியின் நூறு இடது கால்களும் இறங்கின. நூறு வலது கால்கள் எழுந்தன.

டும்! டும்!

முதல் வரிசையில் அத்தை துள்ளி எழுந்தாள். "ஐயையோ, பையன் வயித்துல அடிச்சிக்கிறானே! நம்ம சனத்துல யாரு போய்ச் சேந்தா?" என்று கேட்டவள், பதிலுக்குக் காத்திருக்காமல் தன் வயிற்றிலும் அடித்துக்கொண்டாள். அத்தை அடித்தால் பெரியம்மா சும்மா இருப்பாளா? சித்தப்பா, ஒன்றுவிட்ட மாமா, கடைசியில் அம்மாவும் சேர்ந்துகொண்டார்கள். செத்தது யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. பதினேழு கரடிகளின் வயிறு ஒரே தாளத்தில் முழங்கியது. அந்த முழக்கத்துக்குச் சுருளி ராணுவ வீரர் மாதிரி நடந்து, யானைக்குட்டிகளுக்கு முன்னால் மைதானத்தைத் தாண்டினாள்.

யானையார் எழுந்து நின்று காதை விசிறினார். "எத்தனையோ விழாவுக்குப் போயிருக்கேன். இப்படி ஒரு பேண்டக் கேட்டதே இல்ல" என்றார். மாஸ்டர் அப்போதுதான் திரும்பிப் பார்த்தார். பார்த்துவிட்டு, எல்லாம் தன் ஏற்பாடு என்பது போலத் தலை குனிந்து வணங்கினார்.

அம்மா மூச்சு வாங்க ஓடிவந்தாள். "பீப்பி எங்கடா?"

"அது எனக்குக் குடுக்கவே இல்லம்மா. எனக்கு டும் மட்டும்தான். வெக்கமா இருந்துச்சு, பொய் சொல்லிட்டேன்." கருப்பட்டி விம்மி விம்மி அழுதான்.

அம்மா அவன் காதைப் பிடித்துத் திருகினாள். அதற்குள் சுருளி ஊர்ந்து வந்து அவன் பாதத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டாள். "அவர அடிக்காதீங்கம்மா. அண்ணன் மட்டும் அடிக்கலைன்னா நான் இந்நேரம் மண்ணோட மண்ணு" என்றாள்.

அம்மா சுருளியைப் பார்த்தாள். அவளுடைய கால்களைப் பார்த்தாள். பிடித்த காதை விடாமலே சொந்தக்காரர்கள் பக்கம் திரும்பி, "கேட்டீங்களா? பீப்பியாம் பீப்பி! இருநூறு கால நடக்க வச்சவன் எம்புள்ள!" என்றாள்.

சின்ன வேலைதானே என்று எதையும் பாதியில் விட்டுவிடாதீர்கள். உங்களை நம்பி யாரோ காலைத் தூக்கியிருப்பார்கள்.