வேகாத பத்து முட்டை

"என் கோபமெல்லாம் போயிடுச்சும்மா. ஊருக்குப் போகலாமா?"

பையைத் தோளில் மாட்டிக்கொண்டேதான் கேட்டார் சிங்காரவேல்.

மலையடிவார மடத்துக்கு அவர் வந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. குரு தாயாரம்மா அவரைவிடப் பத்து வயது இளையவர். முட்டை அவிக்கிற இடத்தை மடம் என்று ஒத்துக்கொள்ளாதவர்கள் கீழே ஊரில் நிறையப் பேர். பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு அந்தக் கவலை இல்லை. மத்தியானம் வந்து சாப்பிட்டுப் போனார்கள்.

"என்ன அவசரம்?"

"வெள்ளிக்கிழமை தம்பி மகளுக்கு நிச்சயதார்த்தம். 'பெரியப்பா, நீங்க வந்தே ஆகணும்'னு அவளே போன் பண்ணினா."

போன வருஷம் அம்மாவின் சாவு வீட்டில் தம்பியின் சட்டையைப் பிடித்தவர் இவர். அந்தப் பெண்தான் அழுதுகொண்டே விலக்கிவிட்டாள். அன்றைக்கும் கோபமில்லை என்று சொல்லிக்கொண்டுதான் போயிருந்தார்.

"சரி. முட்டை வெந்துடுச்சா?"

சிங்காரவேல் விழித்தார். குக்கரில் பத்துதான் பிடிக்கும். முதல் பத்தை மூன்று விசிலில் இறக்கி, பச்சைத் தண்ணீரில் ஆறவைத்து, ஊருக்குப் போகிற நினைப்பில் வேகாத பத்தோடு ஒரே கூடையில் போட்டுவிட்டார்.

எல்லாம் ஒரே வெள்ளை.

"உடைக்காமப் பிரிங்க."

"எப்படிம்மா?"

தாயாரம்மா ஒன்றை எடுத்துத் தரையில் சுற்றிவிட்டார். பம்பரமாகச் சுற்றியது.

"இது வெந்தது."

இன்னொன்றைச் சுற்றினார். அது தள்ளாடியது.

"விரலை வச்சு நிறுத்துங்க."

நிறுத்தினார்.

"எடுங்க."

எடுத்தார். முட்டை தானாகவே மறுபடி சுற்றத் தொடங்கியது.

"நிறுத்தினேனே!"

"ம். உங்க அப்பா படுத்திருந்த கட்டில் இப்ப தம்பி வீட்டுலயா இருக்கு?"

"அங்கதான் கிடக்கும். ஒரு வார்த்தை கேக்காமத் தூக்கிட்டுப் போன திருட்டுப்பய, அவன..."

தன் குரல் அவருக்கே கேட்டது. வெட்கமாக இருந்தது.

முட்டையின் மேல் மறுபடி விரலை வைத்தார். எடுக்கப் பயமாக இருந்தது.

பிறகு கூடையில் இருந்ததை ஒவ்வொன்றாகச் சுற்றிப் பார்த்தார். வேகாததைக் குக்கரில் அடுக்கித் தண்ணீர் ஊற்றி, மூடி, வெயிட் போட்டார். தோளில் இருந்த பையைக் கழற்றி ஆணியில் மாட்டினார்.

"அப்ப நான் போக வேண்டாம். அப்படித்தானேம்மா?"

தாயாரம்மா அடுப்பைப் பற்றவைத்தார்.

"வெள்ளிக்கிழமைக்கு இன்னும் நாலு நாள் இருக்கே, ஐயா."