இசக்கியின் கழுத்து

இசக்கிக்கு ஒரு இடத்தில் நிற்பதென்றாலே ஆகாது. பஸ் ஸ்டாப்பில் நின்றால்கூட ஒரு கால் முன்னே போகும், ஒரு கால் பின்னே வரும். எதிரணிக்குள் பாடிப் போய்த் தொட்டுவிட்டு ஓடி வருவதுதான் கபடியில் அவள் வேலை. இந்த வருஷத்தோடு ஜூனியர் வயசு முடிகிறது. மாநில அணிக்கு எடுத்தால் இப்போது எடுக்க வேண்டும், இல்லையென்றால் கிடையாது. அப்படிப்பட்டவள் எங்கே சும்மா நிற்பாள்?

அவளுக்குப் போய்க் கழுத்துப் பயிற்சி கொடுத்தார் ரெக்சலின் அக்கா. அணியின் கோச் அவர்தான்.

நெற்றியில் உள்ளங்கையை வைத்துத் தள்ள வேண்டும், தலை அசையக் கூடாது. பின்மண்டையில் வைத்துத் தள்ள வேண்டும், அப்போதும் அசையக் கூடாது. அப்புறம் இந்தக் காதுப் பக்கம், அந்தக் காதுப் பக்கம். தினமும் இதை முடித்த பிறகுதான் களத்துக்குள் கால் வைக்கலாம்.

ஒருநாள் இசக்கிக்குப் பொறுக்கவில்லை.

"அக்கா, ஓடச் சொல்லுங்க, இருட்டுத வரைக்கும் ஓடுதேன். இது என்னக்கா, மண்டையிடிக்காரி மாதிரி நெத்தியப் பிடிச்சிக்கிட்டு நிக்கது? இதுல கபடி எங்க இருக்கு?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அக்கா சிரிக்கவில்லை. ஸ்கூட்டரில் தொங்கிய இரண்டு ஹெல்மெட்டில் ஒன்றை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"மாட்டு. பின்னால ஏறு."

"எங்கக்கா போறோம்?"

"ஏறுட்டி."

வண்டி மைதானத்தை மெதுவாகச் சுற்றியது. இசக்கிக்குக் குஷி. யாரையோ பார்த்துக் கை அசைத்துக்கொண்டிருந்தாள். அக்கா சட்டென்று பிரேக்கைப் பிடித்தார். இசக்கியின் ஹெல்மெட் அக்காவின் ஹெல்மெட்டில் டொக்கென்று மோதியது.

"ஐயோ! சொல்லிட்டுப் பிடிக்கக் கூடாதாக்கா?"

"முதல்ல எது நின்னுச்சு?"

"வண்டி."

"பொறவு?"

"என் உடம்பு."

"பொறவு?"

"தலை. உங்க மண்டைல இடிச்சுத்தான் நின்னுச்சு."

"தலைக்குள்ள இருக்கது எப்ப நின்னுச்சு?"

இசக்கி ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டுத் தலையைத் தடவிப் பார்த்தாள். அக்கா ஹெல்மெட்டை வாங்கி வண்டியில் மாட்டிவிட்டு, வழக்கம்போல மற்றவர்களை விரட்டப் போய்விட்டார்.

அதற்கப்புறம் இசக்கிக்குப் பிடித்தது கிறுக்கு. பஸ்ஸில் கம்பியில் நெற்றியை முட்டுக்கொடுத்துத் தள்ளினாள். வீட்டில் சுவரோடு சுவராகப் பின்மண்டையை வைத்து நின்றாள். மகளுக்குக் கழுத்துச் சுளுக்கென்று நினைத்து அவள் அப்பா தைலம் வாங்கி வந்தார். மாதங்கள் போகப் போகக் கழுத்து நிஜமாகவே திரண்டது. யார் வந்து தள்ளினாலும் தலை அசையவில்லை. தோழிகளைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தள்ளச் சொல்லிக் காட்டினாள். பெருமை தாங்கவில்லை அவளுக்கு.

"அக்கா, இனி என் தலைக்கு ஒண்ணும் ஆகாதுல்லா?"

"யாரு சொன்னா?"

"என்னக்கா இப்பிடிச் சொல்லுதீங்க! அப்ப எதுக்கு இவ்வளவும்?"

"நாளைக்கும் செய்."

இது ஒரு பதிலா? இசக்கி அன்றைக்கு முழுக்க முணுமுணுத்துக்கொண்டே இருந்தாள்.

மாவட்ட இறுதி ஆட்டம் வந்தது. மாநில அணிக்கு ஆள் எடுப்பவர்கள் பந்தலுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். இசக்கி அன்று பிசாசு மாதிரி ஆடினாள். போகிற போதெல்லாம் யாரையாவது தொட்டுவிட்டுத்தான் திரும்பினாள்.

இடைவேளைக்குப் பிறகு ஒருமுறை பாடிப் போனபோது, எதிரணியில் மூலையில் நின்ற பெண் அவள் காலைக் குறிவைத்துப் பாய்ந்தாள். அதே நேரம் இசக்கி குனிந்தாள். இரண்டு தலையும் மோதின. சத்தம் பந்தல்வரை கேட்டது.

அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. அவளைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். இசக்கி தானாகவே எழுந்தாள். கோட்டுக்குத் திரும்பாததால் அவள் அவுட். அவுட்டானவர்கள் உட்காரும் வரிசையில் போய் உட்கார்ந்தாள். யாரோ தலையில் தண்ணீர் ஊற்றினார்கள். அவ்வளவுதான், எல்லாரும் ஆட்டத்துக்குத் திரும்பிவிட்டார்கள். அவள் உட்கார்ந்திருந்ததை அவுட் கணக்கில்தான் பார்த்தார்கள், அடிபட்ட கணக்கில் யாரும் பார்க்கவில்லை.

கபடியில் அவுட் என்பது கொஞ்ச நேரத்துச் சமாசாரம்தானே. நம் ஆள் ஒருத்தி அங்கே போய்த் தொட்டுவிட்டு வந்தால், வெளியே இருப்பவளுக்கு உயிர் வந்துவிடும். அடுத்த ரெய்டிலேயே வந்துவிட்டது.

"ஏளா இசக்கி, உயிர் வந்தாச்சு! உள்ள வா!" என்று பெண்கள் கத்தினார்கள்.

இசக்கி எழுந்து கோட்டருகே வந்து நின்றாள். நின்றாள் என்றால், நின்றுகொண்டே இருந்தாள். கால் ஆடவில்லை, கை ஆடவில்லை. வெயிலுக்குக் கண்ணை இடுக்கிக்கொண்டிருந்தாள். எத்தனையோ மாதம் 'அசையாம நில்லுட்டி' என்று அவளைக் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போனவர் அக்கா. இன்று அவள் அப்படி நிற்பதைப் பார்த்ததும் அவர் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழுந்தார். ஓடி வந்து அவள் கையைப் பிடித்தார்.

"வெளிய வா."

"எனக்கு ஒண்ணும் இல்லக்கா."

"வெயிலு கண்ணைக் கூசுதா?"

"வெயிலுன்னா கூசத்தான் செய்யும். விடுங்கக்கா, எல்லாரும் பாத்துக்கிட்டு இருக்காங்க."

அக்கா விடவில்லை. மாற்று ஆளை இறக்கினார். ஆட்டத்தைத் துணைக் கோச்சிடம் ஒப்படைத்தார். ஆட்டோவைக் கூப்பிட்டு இசக்கியை ஏற்றினார். வழி நெடுக இசக்கி முகத்தை அந்தப் பக்கமே திருப்பி வைத்திருந்தாள்.

ஆஸ்பத்திரியில் டாக்டரின் அறைக்கு வெளியே உட்காரச் சொன்னார்கள். பக்கத்து பெஞ்சில் அந்த மூலைக்காரப் பெண் அவள் அம்மாவின் தோளில் சாய்ந்திருந்தாள். ஸ்கேன் அறைக்குக் கூப்பிடக் காத்திருந்தார்கள்.

அக்காவின் போன் அடித்தது. கேட்டுவிட்டு வைத்தார்.

"என்னாச்சுக்கா?"

"தோத்துட்டோம்."

"ஆள் எடுக்க வந்தவங்க?"

"கிளம்பிட்டாங்களாம். நம்ம பக்கம் யாரையும் எடுக்கலை."

இசக்கிக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. பெஞ்சைவிட்டு எழுந்தேவிட்டாள்.

"கழுத்து கழுத்துன்னு என் உசிர எடுத்தீங்க. நீங்க சொன்னதெல்லாம் செஞ்சேன். பஸ்ல நிக்கவன்லாம் பாத்துச் சிரிச்சான், அப்பவும் செஞ்சேன். இன்னைக்கு ஒரு நாள், ஒரே ஒரு நாள் அது உதவணும். கையப் பிடிச்சு இழுத்துட்டு வந்துட்டீங்க. இனி எனக்கு எந்த மாநில அணி? உள்ள விட மாட்டீங்கன்னா அப்ப எதுக்குக்கா எனக்கு இந்தக் கழுத்து?"

பக்கத்து பெஞ்சில் அந்தப் பெண் தலையை நிமிர்த்தாமல் கேட்டாள். வந்ததிலிருந்து இதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, மேட்ச் எப்பம்மா?"

"இந்தா, இப்பத்தான் மக்கா" என்று அவள் அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ரெக்சலின் அக்கா இசக்கியை நிமிர்ந்து பார்த்தார்.

"இப்ப எங்கிட்ட மல்லுக்கு நிக்கேல்லா, இதுக்குத்தான்."